ஒரு வடைக்கு நான்கு வேளை

ஒரு திங்கட்கிழமை காலை அவர் என் அறைக்குள் வந்து, "பழைய பிரின்சிபால் சாருக்கு ஒடம்பு கொஞ்சம் சரியில்லையாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார்.

"கொஞ்சம் சீரியஸாத்தான் இருக்காராம் சார்."

"பஸ் ஸ்டாண்டுலேருந்து காலேஜ் வரைக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்காங்க சார். இன்னிக்கு மூணு மணிக்கு எடுக்குறாங்க. நீங்க பாக்கலையா?" என்றேன் நான்.

"தெரியும் சார். ஞாயித்துக்கிழமையே தெரியும். நீங்க அவரோட பதினஞ்சு வருஷம் வேலை பாத்தவரு. ஒரேயடியாச் சொன்னா தாங்காதேன்னு, நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

நாளைக்குப் பிரின்சிபால் சாம்பலாகியிருப்பார் என்பது அவரைப் பொறுத்தவரை ஒரு பொருட்டே அல்ல. செய்தி உடலில் சீராகப் பரவ வேண்டும். அதுதான் முக்கியம்.

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகும் சாலையில் இருந்த ஒரு பார்மசி கல்லூரியில் அவர் பேராசிரியர், நான் நிர்வாக அலுவலர். கூடுதலாக, மனிதர்களை வைத்து ஆராய்ச்சி செய்ய அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கும் நானே செயலர். விண்ணப்பத்தில் எந்தப் பக்கத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும், எந்த மையில் போட வேண்டும் என்பது வரை எனக்குத் தெரியும். அவருடைய பாடம், மருந்தை உடம்புக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதிலும் மெதுவாகச் சேர்ப்பது. விழுங்கியதும் கரைந்து தீர்ந்துவிடாமல் எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று சிறுகச் சிறுக மருந்தை வெளிவிடும் மாத்திரைகள் செய்வதில் அவர் முப்பது ஆண்டுகளைச் செலவிட்டிருந்தார்.

"மருந்துங்கிறது பெரிய விஷயமில்ல சார். அது எந்தக் காட்டுலயும் மொளைக்குது. எவ்வளவு, எப்ப, எங்கிட்டு. இதுதான் விஷயம்" என்பார். இந்த ஒரு கருத்தை என்னிடம் முழுதாகச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு வாரம் ஆனது.

தொழிலில் இருப்பது ஆளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். பதிவுத் துறையில் இருந்த என் மைத்துனர் வீட்டில் சாம்பார் வைத்தாலும் இரண்டு சாட்சி கேட்பார். ஆனால் இவர் அளவுக்கு நான் பார்த்ததில்லை. காலை ஒன்பதரைக்குக் கேன்டீனிலிருந்து அவருக்கு ஒரு மெதுவடை வரும். அதை நான்காகப் பிய்ப்பார். ஒரு கால் பங்கு அப்போதே. அடுத்தது பதினொன்றேகாலுக்கு. மூன்றாவது ஒன்றரைக்கு. கடைசிப் பங்கு மாலை மணி அடித்ததும். இடைப்பட்ட நேரத்தில் வடை ஒரு கண்ணாடித் தட்டில், இன்னொரு கண்ணாடித் தட்டால் மூடப்பட்டு, ஆய்வு மாதிரியைப் போல மேசைமேல் இருக்கும். எறும்புகள் முறை தெரியாதவை. ஒரே வேளையில் மொத்தத்துக்கும் வந்துவிடும்.

தற்செயல் விடுப்பிலும் இதே கதை. ஒரு நாள் விடுப்பை எட்டு நாளில், தினம் ஒரு மணி நேரமாக எடுத்துக்கொள்ள விண்ணப்பித்தார். அரை நாளுக்குக் கீழே விடுப்பில் பின்னம் கிடையாது என்று எழுதித் திருப்பினேன். மறுவாரம் வந்து நின்றார்.

"சார், விடுப்பு எதுக்கு? ஓய்வுக்கு. ஒரு நாள் பூரா வீட்டுல கெடந்தா அது ஓய்வில்ல, ஓவர் டோஸு."

"விதியில இடமில்ல சார்."

"விதியை மாத்தச் சொல்லலாம்ல?"

"சொல்லலாம். தினம் ஒரு வரியாச் சொல்லுங்க."

நான் கேலிக்குச் சொன்னேன். அவர் மறுநாள் முதல் தினம் ஒரு வரியாகக் கடிதம் அனுப்பினார். பதினான்கு கடிதங்கள். எல்லாவற்றுக்கும் முறைப்படி வரவு எண் போட வேண்டியிருந்தது எனக்கு.

அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஆனாலும் மாணவர்கள் அவருக்குத்தான் அதிகம் பயந்தார்கள். ஒரு மாணவி ஆய்வகத்தில் கண்ணாடிக் கலம் ஒன்றை உடைத்துவிட்டாள். முதல் நாள் அவளைக் கூப்பிட்டு, "கவனம்னு ஒண்ணு இருக்கும்மா" என்றார். போகலாம் என்று கை காட்டினார். இரண்டாம் நாள், "அது ஒனக்கு இல்ல" என்றார். மூன்றாம் நாள், "ஏன் இல்லைன்னு யோசிச்சியா?" நான்காம் நாள் அந்தப் பெண் என் அறைக்கு வந்து அழுதாள். "சார், மொத்தமாத் திட்டிரச் சொல்லுங்க சார். எனக்குக் காய்ச்சலே வந்துருச்சு."

தூது போனேன். "நடுவுல நிறுத்தக் கூடாது சார். ரத்தத்துல அளவு எறங்கிரும்" என்றார். இன்னும் இரண்டு வேளை பாக்கி இருந்தது. கொடுத்து முடித்துவிட்டுத்தான் விட்டார். அதன்பிறகு அந்தப் பெண் கல்லூரி முடியும்வரை ஒரு டம்ளரைக்கூட உடைக்கவில்லை என்று கேள்வி.

தன்னைப் பற்றி அவர் பேசியது மிகக் குறைவு. அதிலும் ஒரு விஷயத்தை மூன்று ஆண்டுகளில், ஆண்டுக்கு ஒரு முறையாகச் சொன்னார். முதலாம் ஆண்டு, ஏதோ பேச்சுக்கிடையில், "எங்கப்பா அவசரக்காரரு சார்" என்றார். அடுத்த ஆண்டு, "கறம்பக்குடிப் பக்கம் ஒரு வைத்தியர் ஏழு நாளைக்கு ஏழு பொட்டலம் குடுத்தாரு. எங்கப்பாவுக்கு அறுப்பு வேலை கெடந்துச்சு. சீக்கிரம் எந்திரிக்கணும்னாரு." மூன்றாம் ஆண்டு நாங்கள் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பாயசத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, "ஒரே நாள்ல" என்றார்.

அவ்வளவுதான். எதற்குத் தொடர்ச்சி என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. ஏழு பொட்டலமும் என்று புரிந்தபின் அவருடைய வடையைக் கிண்டல் செய்வதை நிறுத்திக்கொண்டேன். அதாவது, வெளிப்படையாக.

அவருடைய ஆயுள் லட்சியம் ஒரு பிளாஸ்திரி. முட்டிவலிக்கு நம் பெண்கள் தோசையில் அரைத்துப் போடும் அதே முடக்கத்தான் கீரை. அதன் சாரத்தை ஒரு பசையில் கலந்து, துணியில் தடவி, முட்டியில் ஒட்டினால் மூன்று நாளைக்குச் சிறுகச் சிறுக உள்ளே இறங்க வேண்டும். ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு சித்த வைத்தியரிடம் எண்ணெய் காய்ச்சும் பக்குவம் கேட்கப் போனார். ஒரு பயணத்துக்கு ஒரு கேள்வி என்று ஏழு முறை போனார்.

"இதையெல்லாம் மொத நாளே கேட்டிருக்கலாமே தம்பி?" என்று வைத்தியர் கேட்டாராம்.

"ஒங்களுக்கு அலுப்பாயிடுமுங்களே."

"இப்ப மட்டும்?"

பிளாஸ்திரி தயாரானது. எலியில் பார்த்தார்கள். எலிக்கு முட்டிவலி போய்விட்டதாக அறிக்கை வந்தது. அடுத்தது மனிதர்கள். கல்லூரிக்கு இரண்டு கிலோமீட்டரில் இருந்த எங்கள் ஊரே வசதி என்று முடிவானது. முட்டிவலி இல்லாத பெண்ணை அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். நாற்பது பெண்கள் பெயர் கொடுத்தார்கள். அதில் பதினேழாம் எண் என் மனைவி. அவளைப் பற்றிய பேச்சு குழுவில் வந்தபோது நான் எழுந்து வெளியே போய், வராந்தாவில் பத்து நிமிடம் நின்றேன். நின்றதை நடவடிக்கைக் குறிப்பில் பதிந்தேன்.

இந்த ஆய்வுகளில் ஒரு முறை உண்டு. பாதிப் பேருக்கு மருந்து உள்ள பிளாஸ்திரி. மீதிப் பாதிப் பேருக்கு அதே நிறம், அதே வாசம், ஆனால் மருந்து இல்லாத வெறும் பிளாஸ்திரி. யாருக்கு எது என்பது உறையில் போட்டு அரக்கு வைக்கப்படும். ஆய்வு முடியும்வரை பேராசிரியருக்கே தெரியாது. இதைப் பங்கேற்பவர்களுக்கு அவர்கள் மொழியில், புரியும்படி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் படிவத்தைத் தமிழில் எழுதியது நான். ஊர்ச் சமுதாயக் கூடத்தில் மூன்று முறை வாசித்ததும் நான்தான். "உங்களில் பாதிப் பேருக்கு மருந்துள்ளதும், மீதிப் பேருக்கு மருந்தில்லாததும் வழங்கப்படும். யாருக்கு எது என்பது யாருக்கும் தெரியாது. புரிந்ததா?"

"நல்லாப் புரிஞ்சுதுங்க" என்றார்கள் நாற்பது பேரும்.

எவ்வளவு நன்றாகப் புரிந்திருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மூன்று மாதம் ஓடியது. நர்ஸ் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து பிளாஸ்திரி கொடுத்தாள். என் மனைவி வீட்டுப் படியில் ஏறும்போது முன்பெல்லாம் இரண்டு காலையும் பாரபட்சமில்லாமல் திட்டுவாள். இப்போது இடது காலை விசுக்கென்று மேலே வைத்து, வலதை மட்டும் திட்டிக்கொண்டே இழுத்துக்கொண்டாள். முன்னேற்றம் என்று நினைத்தேன். மேற்கொண்டு யோசிக்க எனக்கு விதி எதுவும் இல்லை.

கடைசி நாளில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "வலி எவ்வளவு கொறைஞ்சிருக்கு?" என்று கேட்டார்கள்.

"பாதி" என்றாள் முதல் பெண்.

"பாதிங்க" என்றாள் இரண்டாவது பெண். வரிசையில் பெரும்பாலும் எல்லோருக்குமே பாதி.

உறையைத் திறந்தார்கள். அப்போதும் நான் வராந்தாவில் நின்றேன். மருந்து பெற்றவர்களுக்கும் பாதி குறைந்திருந்தது. வெறும் பிளாஸ்திரி பெற்றவர்களுக்கும் பாதி குறைந்திருந்தது. ஆக, மருந்துக்கும் வெறும் துணிக்கும் வித்தியாசம் இல்லை என்று முடிவு எழுதப்பட்டது. "பங்கேற்பாளர்கள் அறிவுரைப்படியே பயன்படுத்தியதாகக் கண்டறியப்பட்டது" என்று நான் சான்று கொடுத்தேன். கண்டறிந்தது யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. அப்படி எழுதத்தான் எனக்குச் சம்பளம்.

முடிவறிக்கை பன்னிரண்டு பக்கம். அவர் திங்கட்கிழமைக்கு ஒரு பக்கமாகப் படித்தார். ஒவ்வொரு திங்களும் சற்றுக் கூனிப் போனார். பன்னிரண்டாவது திங்கட்கிழமை ஆய்வகத்தைப் பூட்டி, சாவியை என் மேசையில் வைத்தார். "இருக்கட்டும் சார், ஒங்ககிட்டயே" என்றார். மறுநாளிலிருந்து கேன்டீனில் அவருக்கு வடை வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், ஒரேயடியாக. அந்த 'ஒரேயடியாக'தான் எனக்குச் சரியாகப் படவில்லை.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். ஆய்வு முடிந்து இரண்டு ஆண்டு ஆகியிருக்கும். ஒரு நாள் காலை என் மனைவி முட்டியைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, அந்த வாத்தியாரப் பாத்தா பிளாஸ்திரி இன்னும் ரெண்டு கெடைக்குமான்னு கேளுங்க. பழனியம்மா அக்காவோடதுதான் வேணும். என்னோடது வேணாம்."

பழனியம்மாள் எங்கள் பக்கத்து வீடு. பேப்பரைக் கீழே வைத்தேன்.

"அவங்களோடது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பாதி வாங்கி ஒட்டுனேன்ல."

"பாதியா?"

"நீங்கதான படிச்சீங்க, பாதிப் பேருக்கு மருந்து இல்லாததக் குடுப்பாகன்னு. அது என்ன நாயம்? ஊர்ல ஒருத்தி நல்லா நடக்க, இன்னொருத்தி நொண்டிக்கிட்டுத் திரியவா? அதான் நர்ஸம்மா அங்கிட்டுப் போனதும் ரெண்டு ரெண்டு பேராச் சேந்து கத்தரிக்கோல்ல நடுவுல வெட்டிப் பங்கு போட்டுக்கிட்டோம். நூல் பிசகாம."

"எல்லாருமா?"

"பின்ன? கொழம்பு வெச்சாக்கூடப் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் குடுக்காமத் திங்கிறோமா? மருந்த மட்டும் தனியா வெச்சுக்குவாகளா?"

"நர்ஸ்கிட்ட சொல்லலையா?"

"'ஒழுங்கா ஒட்டுனீங்களா'ன்னு கேட்டாக. ஒட்டுனோம்னு சொன்னோம். வெட்டுனீங்களான்னு கேக்கலையே."

நாற்பது ஆண்டு அரசாங்கத்திலும் கல்லூரியிலும் நான் எழுதிய பதில்களின் இலக்கணமே அதுதான். குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அன்று முழுவதும் எனக்கு எதுவும் ஓடவில்லை. சொன்னால், என் சான்று பொய். சொல்லாவிட்டால், ஒரு மனிதர் தன் முப்பது ஆண்டு உழைப்பு வெறும் துணிக்குச் சமம் என்று நினைத்துக்கொண்டே ஓய்வு பெறுவார். அவருக்கு இன்னும் பதினோரு மாதம் இருந்தது. சொல்வது என்று முடிவு செய்தேன். ஆளுக்கேற்ற மாதிரி சொல்ல வேண்டும் என்பதால் மூன்று தவணையாகப் பிரித்து வரைவு எழுதிக்கொண்டேன். மனைவியிடம் நான்கு வடை சுடச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை அவரை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

வந்தார். வடையைத் தொடவில்லை. முதல் தவணையை ஆரம்பித்தேன்.

"ஒங்க ஆய்வுல ஒரு சின்ன நடைமுறைப் பிசகு நடந்திருக்கு சார்."

நிமிர்ந்தார். "என்ன பிசகு?"

"மிச்சத்த அடுத்த சனிக்கிழமை சொல்றேன்."

அவர் முகத்தில் ஏதோ ஓடியது. அந்தக் கண்ணாடிக் கலப் பெண்ணின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

"மொத்தமாச் சொல்லுங்க சார்" என்றார்.

"ஒங்களுக்கு மொத்தமா ஒத்துக்..."

"சொல்லுங்க சார்!"

அடுப்படியிலிருந்து என் மனைவி ஓடி வந்துவிட்டாள். அவர் குரல் அந்த உயரத்துக்குப் போகும் என்று எனக்கும் தெரியாது. நான் என் வரைவைத் தேடுவதற்குள் அவளே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கத்தரிக்கோல், பங்கு, கொழம்புக் கிண்ணம், நர்ஸ், எல்லாம் ஒரே மூச்சில்.

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "வெட்டுனீங்களா? வெட்டி ஒட்டுனதுல யாருக்கும் ஒண்ணும் ஆகலையே? மயக்கம், படபடப்பு ஏதும்?"

"ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருந்தோம்."

"நல்லவேளை" என்று மூச்சு விட்டார். பிறகு என்னைப் பார்த்து, "பைக்குள்ள மருந்து வெச்ச பிளாஸ்திரியா இருந்தா, வெட்டுன எடத்துல மொத்தமும் ஒரே நேரத்துல கொட்டிரும் சார். இது பசையிலயே கலந்தது. வெட்டுனாலும் கொட்டாது. அப்படித்தான் செஞ்சேன். யாராச்சும் அவசரக்காரங்க..." என்று நிறுத்தினார். மிச்சம் எனக்குத் தெரியும்.

பிறகு மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"அம்மா, ரெண்டு பாதியையும் ஒரே முட்டியிலயா ஒட்டுனீங்க?"

"இல்லீங்க. என் பங்கு வலது முட்டிக்கு. அக்கா பங்கு இடதுக்கு. மாத்தி ஒட்டுனா கொழம்பிருமுல்ல."

"மூணு மாசமும் அப்படியேவா?"

"அப்படியேதான்."

"எந்த முட்டி நல்லாச்சு?"

"இடதுதான். அந்த மூணு மாசமும் வலி இருந்த எடமே தெரியல. வலது அப்படியே கெடந்துச்சு. அதான் நர்ஸம்மாகிட்டப் பாதி கொறைஞ்சுதுன்னு சொன்னேன். ரெண்டுல ஒண்ணு, பாதிதான?"

எனக்குப் படியும் இடது காலும் நினைவுக்கு வந்தன. மூன்று மாதம் தினமும் கண் முன்னால் ஏறி இறங்கிய முடிவறிக்கை அது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பது எண்களும் அவருக்கு மனப்பாடம். "பதினேழு" என்றார். "வெறும் துணி. பழனியம்மா இருபத்திரெண்டு." நிறுத்தினார். இந்த மனிதர் அடுத்த சொல்லை அடுத்த வாரத்துக்கு வைத்துவிடுவாரோ என்று ஒரு கணம் நிஜமாகவே பயந்தேன்.

"மருந்து" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் தொழிலில் விபத்து என்பார்கள். மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் கொட்டிவிட்டது. எழுந்து நின்று திட்டினார். என்னை, என் படிவத்தை, மூன்று முறை வாசித்த என் வாயை, ஊரை, கத்தரிக்கோலை, நர்ஸை, ஒரு கேள்வியைக்கூட ஒழுங்காகக் கேட்கத் தெரியாத தன்னை. முப்பது ஆண்டில் அளந்து அளந்து கொடுத்ததுபோக மீதம் வைத்திருந்தது அத்தனையும் எங்கள் கூடத்தில் வந்தது. பழனியம்மாள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் கிடைத்தது.

நான் தடுக்க எழுந்தேன். "கத்தட்டும் விடுங்க" என்றாள் என் மனைவி. "எத்தன வருஷத்துக் கத்தலோ, பாவம்."

கத்தி முடித்து உட்கார்ந்து, சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று நான் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட நேரங்களில் வராந்தாவில் போய் நிற்பது என் பழக்கம்.

திரும்பி வந்தபோது என் கடமை நினைவுக்கு வந்தது. "சார், ஒரு விஷயம். ஒரு அம்மாவோட ரெண்டு முட்டிய வெச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது. பழைய ஆய்வு செல்லாது, அவ்வளவுதான். என் சான்றும் செல்லாது, நானே குழுவுக்கு எழுதிக் குடுத்துடறேன். புது விண்ணப்பம், புது ஒப்புதல், எல்லாம் மொதல்லேருந்து."

"தெரியும் சார். எனக்குத் தெரியாதா?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இன்னிக்கு ஒரு நாள் மொத்தமாச் சந்தோஷப்பட்டுக்கறேன். நாளையிலேருந்து அளவாப் பாத்துக்கலாம்."

பிறகு வடையை எடுத்தார். பிய்க்கவில்லை. ஒன்றை முழுதாகத் தின்றார். இரண்டாவதையும், மூன்றாவதையும் தின்றார். நான்காவது எனக்கென்று வைத்தது. அதையும் தின்றார். ஆய்வகச் சாவியை என் வாரிசாக வந்த அலுவலரிடம் கேட்டு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போனார்.

"என் வலது முட்டிக்கு எப்பக் குடுப்பாராம்?" என்று கேட்டாள் என் மனைவி. நடைமுறை அவளுக்குத் தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை தபாலில் ஓர் உறை வந்தது. புதிய ஆய்வு விண்ணப்பம், என் பார்வைக்கும் திருத்தத்துக்கும். உள்ளே முதல் பக்கம் மட்டும் இருந்தது. மேல் மூலையில் 'நாற்பதில் ஒன்று' என்று எழுதியிருந்தார். வாரத்துக்கு ஒரு பக்கம், நாற்பது வாரம். அவர் ஓய்வு பெறும் நாளோடு வைத்துப் பார்த்தேன். ஒரு மாதத்துக்கும் மேல் மிச்சமிருந்தது.

சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தேன். அந்த ஒரு பக்கத்தில் மூன்று பிழைகள் இருந்தன.

ஒன்றை மட்டும் திருத்தி அனுப்பினேன்.